முன்னூற்று நான்காம் பக்கத்துக்கு அப்புறம்

பிளெய்ன்ஸ்பரோ வாசகர் வட்டத்தில் வெள்ளிக்கிழமை வந்தால் ஒவ்வொருவரும் மின்னஞ்சலில் கணக்குக் காட்டியாக வேண்டும். வட்டம் அப்போது எடுத்துக்கொண்ட புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் வந்தாயிற்று, பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன. பிடித்ததை மட்டும் எழுதிவிட்டு நழுவக்கூடாது என்பது விதி. விதியைப் போட்டவர் சுவாமிநாதன், மருந்துக் கம்பெனி ஒன்றில் விஞ்ஞானி, எல்லோருக்கும் அங்கிள். அந்த விதியை அட்சரம் பிசகாமல் ஒருத்தி கடைப்பிடிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, பாவம்.

அந்த ஒருத்தி ரஹ்மத். அதிராம்பட்டினத்தில் பிளஸ் டூ பிள்ளைகளை விரட்டி விரட்டி வேதியியல் நடத்தியவள். கல்யாணமாகி, கணவன் நூர் அகமதுவோடு 2003-இல் நியூ ஜெர்சிக்கு வந்து இறங்கியபோது கையில் எம்.எஸ்சி. பட்டம், காலில் எச்-4 விசா. அந்த விசாவில் இருப்பவள் சமைக்கலாம், பெற்றுக்கொள்ளலாம், துணி மடிக்கலாம். சம்பளத்துக்கு ஒரு பிள்ளைக்கு அமிலம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தால் மட்டும் சட்ட விரோதம். கிரீன் கார்டு வந்தால்தான் விடுதலை. அது நூரைவிட அவளுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. பக்கத்து டவுன் பள்ளிக்கூடத்தின் முன்னால் கார் நிற்கும்போதெல்லாம் அவள் உள்ளே எட்டிப் பார்ப்பாள். சிக்னல் மாறினாலும் கழுத்து திரும்பாது.

எதிர் பில்டிங் மீனாக்ஷிதான் அவளை வட்டத்துக்கு அழைத்துப் போனாள். ஊருக்குப் போய்வருகிறவர்களின் பெட்டியில் ஊறுகாய்க்கும் சாம்பார்ப்பொடிக்கும் நடுவே வாசனையோடு வந்து சேரும் புத்தகங்கள் அங்கே கை மாறின. ரஹ்மத்தின் முதல் கணக்கே கலகத்தில் முடிந்தது. வட்டமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு நாவலைப் பற்றி அவள் எழுதினாள்: "பக்கம் 90. பிடித்தது: மழை பெய்த அத்தியாயம். பிடிக்காதது: கதாநாயகி ஐந்து அத்தியாயமாக ஜன்னலோரம் நிற்கிறாள். அவளுக்குக் கால் வலிக்காதா?" பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆனால் படிக்காமல் பேசுகிறாள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. எவ்வளவு மோசமான புத்தகமானாலும் கடைசி வரி வரை போய்விட்டுத்தான் வருவாள். பந்தியில் பாதியில் எழுந்தவனுக்குச் சாப்பாட்டைக் குறை சொல்ல உரிமை கிடையாது என்பது அவள் கட்சி.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. 2006 வசந்தத்தில் வெங்கடாசலம் நாவல் எழுதினார்.

வெங்கடாசலம் யார் என்றால், நூர் அகமதுவுக்கு முதலாளி. கம்ப்யூட்டர் ஆட்களை இங்கே அங்கே வேலைக்கு அனுப்பும் கம்பெனி அவருடையது. நூரின் கிரீன் கார்டு மனுவில் கையெழுத்துப் போடும் கையும் அவருடையதுதான். பிரிட்ஜ்வாட்டரில் பெரிய வீடு. அதன் பேஸ்மென்டில்தான் வட்டம் பெரும்பாலும் கூடும். எழுநூறு பக்க நாவலைத் தன் செலவில் சென்னையில் அச்சடித்து, பெட்டி பெட்டியாக வரவழைத்து, வட்டத்தில் ஆளுக்கொரு பிரதி கையெழுத்திட்டுக் கொடுத்தார். அடுத்த புத்தகம் அதுதான் என்று சுவாமிநாதன் அங்கிள் அன்றைக்கே அறிவித்துவிட்டார்.

அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமைகளைப் பார்க்க வேண்டுமே! பிடிக்காதது என்ற பகுதியே மின்னஞ்சல்களிலிருந்து காணாமல் போனது. "பக்கம் 150, அருவி போல நடை." "பக்கம் 260, கீழே வைக்க முடியவில்லை." ஆள் மாற்றி ஆள் ஓடினார்கள். ரஹ்மத் மட்டும் நாற்பத்தேழாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். அங்கேதான் காதர் பாய் என்ற ஜவுளி வியாபாரி வருகிறார். வந்ததும் வராததுமாக, "அரே, நிம்பள் வா, நம்பள் துணி தர்றான்" என்கிறார். பிறகு அவர் வருகிற இடமெல்லாம் இந்தப் பேச்சுதான், பிரியாணிதான், ஏமாளித்தனம்தான். ரஹ்மத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் வாப்பாவும் ஜவுளிக்கடைதான் வைத்திருக்கிறார். அவர் தமிழ் பேசினால் தஞ்சாவூர்க்காரர்கள் நின்று கேட்பார்கள். அமெரிக்காவில் ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் ஓரமாக நிற்க வைத்துப் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அது அவர்கள் ஊர், அவர்களுக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். தமிழில் எழுதுகிற தமிழனுக்குமா தெரியாது?

கோபத்தோடேயே படித்தாள். முன்னூற்று நான்காம் பக்கம் முடிந்து தாளைப் புரட்டினால், மறுபடி இருநூற்று எண்பத்தொன்பது வந்தது. பைண்டிங் செய்தவர்கள் பதினாறு பக்கமாக மடித்து வரும் அச்சுத்தாளில், அதாவது பாரத்தில், ஒன்றை இரண்டு முறை வைத்துவிட்டு, அடுத்த பாரத்தை விட்டுவிட்டார்கள். பதினாறு பக்கம் திரும்ப வந்து, பதினாறு பக்கம் தொலைந்து போயிருந்தது. முன்னூற்று நான்கில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கதாநாயகியின் அப்பா, முன்னூற்று இருபத்தொன்றில் மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்கினார். நடுவில் மனுஷன் செத்ததே புத்தகத்தில் இல்லை.

தன் பிரதிதான் கெட்டுப்போனதோ என்று மீனாக்ஷியின் பிரதியை வாங்கிப் பார்த்தாள். அதிலும் அப்படியே. மீனாக்ஷி முந்தின வாரம் எழுதிய கணக்கு, பக்கம் 380.

"இத நீ பார்க்கலையாடி?"

மீனாக்ஷி சிங்க்கில் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். "எண்பதுலயே நிறுத்திட்டேன் ரஹ்மத். எல்லாரும் ஓடுறாங்க, நானும் நம்பரை ஏத்தி ஏத்திப் போட்டேன். வெளிய சொல்லிடாத, ப்ளீஸ்."

அந்த வெள்ளிக்கிழமை சுவாமிநாதன் அங்கிள் எழுதினார்: "பக்கம் 450. அப்பாவின் மரணக் காட்சியில் என்னை அறியாமல் கண்ணீர் விட்டேன்." ரஹ்மத் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பினாள். "தந்தையின் மரணம் ஒரு குடும்பத்தைப் புரட்டிப்போடும் கதை" என்று அங்கே கொட்டை எழுத்தில் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். கண்ணீர் ஊற்றிப் பிசைந்து மறைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

சில வாரம் கழித்து, நாவலைப் பேச வட்டம் கூடுவதற்கு முதல் நாள் நூர் மெதுவாகப் பேச்சை எடுத்தான். நல்லவன். சத்தம் போடத் தெரியாது. பயப்படத் தெரியும்.

"நாளைக்கு நீ வரணுமா ரஹ்மத்? தலைவலின்னு சொல்லிடேன்."

"எனக்கு ஏது தலைவலி?"

"வந்தா ஒண்ணும் பேசாத. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு சமோசா சாப்பிடு. ஆடிக் கறக்கிற மாட்ட ஆடித்தான் கறக்கணும். அவர் ஃபைல வித்ட்ரா பண்ணினாருன்னா மறுபடி முதல்லேர்ந்து அப்ளை பண்ணணும். வேலையும் போச்சுன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். நீ ஸ்கூலுக்குப் போகணும்னு சொல்றியே, அதுக்குத்தானே நான் இவ்வளவும் பொறுத்துக்கறேன்?"

அது உண்மை. அதனால்தான் வலித்தது. வாரத்தில் ஒரு நாள் ஒரு வட்டத்தில் அவளுடைய வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. வேறெங்கும் இல்லை. வங்கிக் கணக்கில் இரண்டாவது பெயர், விசாவில் ஒட்டுப் பெயர். அங்கேயும் பொய் சொல்லிவிட்டால் பிறகு தன்னுடையது என்று மிச்சமிருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என் முறை வரும். வந்தா என்ன படிச்சேனோ அதச் சொல்லுவேன், மச்சான்" என்றாள். நூர் எழுந்து போய்விட்டான்.

சனிக்கிழமை மதியம் பேஸ்மென்டில் இருபது பேர் இருந்தார்கள். வெங்கடாசலம் பட்டு ஜிப்பாவில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகப் பக்கம் சொன்னார்கள். எல்லோரும் முடித்திருந்தார்கள். எழுநூறு பக்கமும் முடித்திருந்தார்கள், அப்படி ஒரு ஆச்சரியம்! சுவாமிநாதன் அங்கிள் மரணக் காட்சியை இன்னொரு தடவை நினைத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ரஹ்மத்தின் முறை வந்தது. நூர் தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிச்சிட்டேன்" என்றாள் ரஹ்மத். "அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். அங்கிள், அப்பா செத்துப்போற காட்சி எந்தப் பக்கத்துல இருக்கு?"

"பக்கமெல்லாம் யாரும்மா ஞாபகம் வெச்சுப்பா? நடுவுல எங்கயோ வரது."

"எங்க வரதுன்னு எடுத்துக் காட்டுங்களேன். எனக்கும் அழணும்போல இருக்கு."

அங்கிள் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். மற்றவர்கள் உதவிக்கு வருவதுபோல் தங்கள் பிரதிகளைத் திறந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் புத்தகத்துக்குள் குனிவதுமாகக் கொஞ்ச நேரம் போயிற்று.

"கஷ்டப்படாதீங்க. அந்தக் காட்சி புத்தகத்துலயே இல்ல" என்றாள் ரஹ்மத். "முன்னூத்தி நாலுக்கு அப்புறம் இருநூத்தி எண்பத்தொம்பது வருது. பதினாறு பக்கம் பைண்டிங்ல விட்டுப்போச்சு. எல்லாக் காப்பிலயும் அப்படித்தான்."

"எனக்கு அந்த ஃப்ளோ கொஞ்சம்கூடத் தடைபடலையே" என்று அங்கிள் இழுத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் மரியாதை மிஞ்சியிருக்கும்.

வெங்கடாசலம் மூலையிலிருந்த பெட்டியைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். அச்சான பிறகு அவரும் அட்டையையும் தன் படத்தையும் தடவிப் பார்த்ததோடு சரி. மூன்றாவது பிரதியையும் பார்த்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு மாதமாக அருவி, ஆறு, கடல் என்று எழுதியவர்கள் எல்லோரும் அவசரமாகச் சட்னிக் கிண்ணத்தைத் தேடினார்கள். முதலாளியாக ஆயிரம் பேரை மிரட்டியவர், அந்த நேரத்தில் பரீட்சைத் தாள் தொலைந்த பையன்போல நின்றார். ரஹ்மத்துக்கே பரிதாபமாகத்தான் இருந்தது.

கூட்டம் அதற்குமேல் நடக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் திடீரென்று கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது, குழந்தையை டான்ஸ் கிளாஸிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. ரஹ்மத்தும் நூரும் தூங்கிப்போன மகள் நிதாவைத் தூக்கிக்கொண்டு வெளியே காருக்குப் பக்கத்தில் வந்தபோது பின்னாலேயே வெங்கடாசலம் வந்தார். கையில் புத்தகம்.

"நீங்க ஒருத்தர்தான் முழுசாப் படிச்சிருக்கீங்க."

"ஆமா சார்."

"சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

கேட்டது முதலாளி அல்ல, எழுதியவர். குரலில் அப்படி ஒரு பசி இருந்தது. நல்லா இருந்துச்சு சார் என்ற மூன்று வார்த்தை போதும். கிரீன் கார்டு, பள்ளிக்கூடம், கரும்பலகை எல்லாம் அந்த மூன்று வார்த்தைக்கு அந்தப் பக்கம் நின்றன. ரஹ்மத்துக்கு நாக்கு வரைக்கும் வந்தது. இரண்டு மாதமாக அவருக்கு எல்லோரும் கொடுத்தது அதைத்தான் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"பிடிச்சதச் சொல்றேன். அந்த அம்மா பஸ் ஸ்டாண்டுல மகனுக்காகக் காத்திருக்கிற அத்தியாயம். நிஜமாவே நல்லா இருக்கு, நான் ரெண்டு தடவை படிச்சேன்."

அவர் முகம் மலர்ந்தது.

"பிடிக்காதது காதர் பாய். அப்படி ஒரு ஆள நீங்க பார்த்ததே இல்ல சார். சினிமாவுல பார்த்திருக்கீங்க. எங்க வாப்பாவும் ஜவுளிக்கடைதான். எங்க தெருவுல ஒருத்தர்கூட நம்பள் நிம்பள்னு பேசினதில்ல. நீங்க பேசற தமிழத்தான் நாங்களும் பேசறோம்."

மலர்ந்த முகம் இறுகியது. எழுத்தாளர் போய் முதலாளி திரும்ப வந்துவிட்டார். அவர் ரஹ்மத்தை விட்டுவிட்டு நூரைப் பார்த்தார்.

"நூர், திங்கட்கிழமை ஆபீஸ்ல என்னை வந்து பாருங்க. உங்க ஃபைல் விஷயமாப் பேசணும்."

சொல்லிவிட்டு வீட்டை நோக்கித் திரும்பினார். நூர் மகளைத் தோளிலிருந்து தோளுக்கு மாற்றினான். எல்லாம் முடிந்தது என்று ரஹ்மத் நினைத்தாள்.

"வரேன் சார்" என்றான் நூர். "ஆனா அவ இன்னும் முடிக்கல. காதர் பாய் பத்தி இன்னும் நிறைய இருக்கு, வீட்ல ரெண்டு மாசமா எங்கிட்டதான் சொல்லிட்டிருக்கா. கேட்டதும் நீங்கதான். முழுசாக் கேட்டுட்டுப் போங்க."

வெங்கடாசலம் நின்றார். ரஹ்மத் அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தாள்.