மகள் தின்ற மண்

நான் டிராக்டரில் மண் அடிக்கிறவன். அந்தியூர்ப் பக்கம் எங்கள் ஊர். மூடிக் கிடந்த பழைய தோல் ஆலை நிலத்தை நிரவியபோது சும்மா கிடைத்த மண்ணில் ஒரு லோடு எங்கள் வாசலில் கொட்டி மேடாக்கினேன்.

அப்போது மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மழை பெய்தால் வாசலில் உட்கார்ந்து மண்ணைக் கிள்ளித் தின்பாள்.

“கண்ணு, வாசல்ல கொஞ்சம் மிச்சம் வையி” என்று நானும் சிரித்தேன்.

“நீங்க அடிச்ச மண்ணு ருசியா இருக்குதுங்கப்பா” என்றாள்.

பத்து நாளில் அந்த நிலத்துக்கு அதிகாரிகள் வேலி போட்டார்கள். அந்தக் காலத்தில் கொட்டிய கழிவால் மண்ணில் ஆர்சனிக் இருக்கிறதாம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

“விஷமுங்க” என்றார்கள்.

மகளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்டார். அவள் தலை குனிந்தாள்.

“நான் கொண்டாந்த மண்ணுங்க” என்றேன்.

சிறுநீர் சோதனை முடிவு வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பயப்படும் அளவுக்கு விஷம் இல்லை என்று முடிவு வந்தது. பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள்.

அந்த மண்ணைத் தோண்டி மூட்டை கட்டி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். எடுத்துப்போக வருகிறோம் என்ற அதிகாரிகள் இன்னும் வரவில்லை. வேறெங்கும் கொட்ட மனமில்லை.

இப்போதெல்லாம், மண் எடுக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் ஏற்றுவதில்லை. பதில் சரியில்லையென்றால் வெறும் வண்டியோடு திரும்பிவிடுகிறேன்.

வாசலுக்கு வெள்ளாமைக் காட்டிலிருந்து வேறு மண் போட்டாயிற்று. பேத்தி அதில் தவழ்கிறாள். ஒரு பிடி வாயில் போட்டாலும் அது எந்தக் காட்டு மண் என்று எனக்குத் தெரியும்.