சேராத கோட்டுக்கு முழு மார்க்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் ஒரு கேள்வி தப்பாக அச்சாகிவிட்டது. வரைபடம் போட்டுத் தீர்க்க வேண்டிய இரண்டு சமன்பாடுகளும் இணைகோடுகளாகிவிட்டன. தீர்வே கிடையாது.

ஆனால் என் வகுப்பில் நாற்பது பேருக்குக் கோடுகள் (2,2)இல் கச்சிதமாக வெட்டிக்கொண்டன! கைடில் உள்ள விடையை முதலில் புள்ளியாக வைத்துவிட்டு, அதன் வழியாகக் கோடு இழுப்பது இவர்கள் வழக்கம்.

நஞ்சன்கூட்டிலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி மட்டும் 'சேராது' என்று எழுதியிருந்தாள். அவளுக்கு மட்டும் முழு மார்க் போட்டேன்.

இன்று ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். அவரும் நம்மைப் போல் தமிழர்தான்; பேச்சில் மட்டும் கன்னடம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"நாப்பது பேர் தப்பு, ஒருத்தி சரியா? சும்னே, சும்மா எதுக்கும்மா ரகளை? எல்லாருக்கும் போட்டுடுங்க."

"சார், சாமராஜநகர் வரைக்கும் இழுத்தாலும் இந்தக் கோடு சேராது."

"பேப்பர் சின்னதும்மா. இன்னொரு ஷீட் ஒட்டிப் பாருங்க."

ஒட்டினேன். அவர் மேஜையிலேயே, அவர் ஸ்கேலை வாங்கியே இழுத்தேன். ஆறாவது ஷீட்டில் மேஜை முடிந்துவிட்டது. கோடு சேரவில்லை. மார்க்கும் மாறவில்லை.

விஜயநகர் ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இதை நம் குழுவில் உள்ள உங்கள் எல்லோருக்கும் மெயிலாக அடிக்கிறேன். நாளைக்கு அவர் அறைச் சுவரில் தொடர்வதாக இருக்கிறேன். மீந்த கிராஃப் ஷீட் யாரிடமாவது இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.