வாக்கெடுப்புக்கு வராதவர்

எங்கள் பிரதேச சபைக்கு நான் தவிசாளராக வந்தது யாருடைய விருப்பத்தினாலும் அல்ல. கட்சிக்குள் இரண்டு பேர் அந்தக் கதிரைக்காக மல்லுக்கட்டினார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் பிரிந்து போவார் என்ற நிலையில், பெண்கள் பட்டியலில் உள்ளே வந்திருந்த என்னைப் பிடித்து இருத்திவிட்டார்கள். அதுவரை கனகராயன்குளத்துக்கு உள்ளே, எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தின் தலைவியாக இருந்தவள் நான்.

சில மாதங்களிலேயே களைத்துப்போனேன். காலையில் முகம் கழுவுவதற்கு முன்னரே தொலைபேசி அடிக்கும். தெருவிளக்கு எரியவில்லை, மதகு உடைந்துவிட்டது, குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் வரவில்லை. செய்தால் கட்சிக்காரருக்கு மட்டும் செய்ததாகச் சொல்வார்கள். செய்யாவிட்டால் பொம்பிளைக்கு நிர்வாகம் தெரியாது என்பார்கள்.

அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் எதிர்வரிசைத் தலைவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர். என் கணவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். சபைச் சட்டங்களை வரி வரியாகச் சொல்வார். ஒருமுறை எல்லோர் முன்னாலும், “தவிசாளருக்குக் குசினி நடத்தத் தெரியும், சபை நடத்தத் தெரியாது” என்றார். எங்கள் பக்கத்து ஆண்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

மார்கழியில் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தபோது அவருடைய ஆட்கள் ஒரு வாக்கால் அதைத் தோற்கடித்தார்கள். இரண்டாம் முறையும் தோற்றால் தவிசாளர் பதவி போய்விடும். கட்சிக்காரர்கள் யார் யாரையோ சந்தித்துக் கதைத்துப் பார்த்தார்கள். ஒருவரும் மாறவில்லை. நான் வெளியே கவலைப்படுவதுபோல் இருந்தேன். உண்மையில் எனக்கு அது ஒரு விடுதலையாகப் பட்டது. கணவரிடம் மட்டும் சொன்னேன்.

“தோத்தால் நிம்மதியா வீட்டை இருக்கலாம்.”

“வாரும். வயலிலையும் ஆள் இல்லை” என்றார் அவர்.

இரண்டாவது வாக்கெடுப்பு நாளன்று விடியற்காலை மழை பெய்து விட்டிருந்தது. கணவர் வரம்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க வயலுக்குப் போனார். நான் வழக்கத்தைவிட முன்னதாகவே சபைக்குப் போய், கைத்தொலைபேசியின் சத்தத்தை நிறுத்திப் பையில் போட்டுவிட்டு, செயலாளருடன் கடதாசிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. எதிர்வரிசைத் தலைவரின் கதிரை வெறுமையாக இருந்தது. ஒரு நாளும் பிந்தாத மனிதர். அவருடைய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து வெளியே போய்த் தொலைபேசியில் கதைத்துவிட்டு, முகம் சிவந்து உள்ளே வந்தார். பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். பிறகு அவரே எழுந்து வடிகால்களைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார். நேரத்தை இழுக்கிறார் என்று விளங்கியது. எதற்காக என்றுதான் விளங்கவில்லை.

கடைசியில் செயலாளர் பெயர்களை வாசித்து வாக்கைக் கேட்டார். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. அப்படி வந்தால் தவிசாளருக்கு இன்னொரு வாக்கு உண்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போக ஒரு கணம் மனம் வந்தது. ஆனால் அந்தக் கடதாசியில் எங்கள் ஊர் வாசிகசாலைக்குக் கூரை இருந்தது, மூன்று கிராமங்களுக்குக் குடிதண்ணீர் இருந்தது. “ஆதரவு” என்றேன். எங்கள் பக்கத்தில் மேசையைத் தட்டினார்கள். எனக்குச் சந்தோசம் வரவில்லை. இன்னும் எத்தனை வருசம் என்றுதான் நினைத்தேன்.

தேநீர் இடைவேளையில் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். கணவரின் இலக்கத்திலிருந்து இரண்டு அழைப்புகள். அதற்குப் பிறகு ஒரே இலக்கத்திலிருந்து பல அழைப்புகள். அது எதிர்வரிசைத் தலைவரின் இலக்கம். திருப்பி எடுத்தேன்.

“நான் வவுனியா ஆஸ்பத்திரியிலை நிக்கிறன். அண்ணையைப் புடையன் பாம்பு கொத்திப்போட்டுது. ஊசி ஏத்தினம். பயப்பிடாமல் வாங்கோ” என்றார்.

யாருடைய வாகனத்தில் போனேன், வழியில் என்ன கதைத்தேன் என்பது இப்போது ஞாபகமில்லை.

நோயாளர் விடுதிக்கு வெளியே நீள வாங்கில் அவர் இருந்தார். சபைக்கென்று கட்டிய வெள்ளை வேட்டி முழங்கால் வரை சேறு. சட்டையின் முதுகுப்பக்கம் முழுக்கக் கணவர் சத்தியெடுத்த கறை. என்னைக் கண்டதும் எழுந்து, விடுதிக் கதவைக் காட்டினார்.

கணவரின் கால் முழங்கால் வரை வீங்கிக் கறுத்திருந்தது. கண் இமைகள் பாதி மூடியிருந்தன. கையைத் தொட்டபோது விரல்களால் இலேசாக அழுத்தினார். “நேரத்தோடை கொண்டுவந்தபடியாலை சமாளிக்கலாம், ஆனால் சிறுநீரகத்தைக் கவனிக்கவேணும்” என்று வைத்தியர் சொன்னார்.

வெளியே வந்தபோதும் அவர் அங்கேயே நின்றார்.

“எப்பிடி நடந்தது?”

“நான் மோட்டார் சைக்கிளிலை வாறன், அண்ணை வாய்க்கால் கட்டிலை சரிஞ்சு கிடந்தார். சால்வையாலை என்ர இடுப்போடை சேர்த்துக் கட்டி, ஏ ஒன்பது வீதி வரைக்கும் கொண்டுவந்தன். அங்கை மரக்கறி லொறி ஒண்டை மறிச்சன். டிரைவர் நல்ல பெடியன்தான். ஆனால் தனிய ஏத்தமாட்டன், வழியிலை ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு எண்டு கேட்டான். வேறை ஒருத்தரும் இல்லை. நான் ஏறிட்டன்.”

பிறகு கேட்டார்.

“வாக்கெடுப்பு முடிஞ்சுதோ?”

“ஓம்.”

“தோத்திட்டியளோ?”

“இல்லை. வெண்டிட்டன்.”

அவர் வாங்கில் இருந்தார். சால்வையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

“சபையை ஒத்திவையுங்கோ எண்டு கேக்கத்தான் உங்களுக்கு எடுத்தனான். நீங்கள் தூக்கேல்லை. எங்கட ஆளுக்கும் சொன்னனான். ‘லொறியிலை விட்டிட்டு ஓடிவாங்கோ, அவையை அவையின்ர சனம் பாக்கும்’ எண்டான்.” பிறகு, “சரி, விடுங்கோ” என்றார்.

நன்றி சொல்ல வாய் எடுத்தேன். அவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றார். மோட்டார் சைக்கிளை வீதியோரம் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி, பேருந்து பிடிக்கப் போனார்.

இரண்டு நாள் கழித்துக் கணவர் தெளிவாகக் கதைக்கத் தொடங்கினார்.

“நான் அவரைப் போகச் சொன்னனான். இண்டைக்கு உங்கட நாள், நீங்கள் சபைக்குப் போங்கோ, வேறை ஆரும் வருவினம் எண்டு சொன்னன். வாயை மூடிக்கொண்டு ஏறுங்கோ எண்டார்.”

அதைக் கேட்டபிறகுதான் நான் அழுதேன்.

கணவரை வீட்டுக்குக் கொண்டுவந்த கிழமையே ஊரில் கதை பரவியிருந்தது. எதிர்வரிசைத் தலைவர் விலைபோய்விட்டார், பாம்பு கடித்ததெல்லாம் நாடகம் என்றார்கள். எனக்கும் அவருக்கும் ஏதோ இருக்கிறது என்று முகநூலில் யாரோ எழுதினார்கள். கணவரின் வீங்கிய காலை வந்து பார்த்துவிட்டுப் போனவர்களே அதைப் பகிர்ந்திருந்தார்கள். அவருடைய கட்சி விசாரணை வைத்தது.

நான் பொறுக்கமாட்டாமல் அந்தக் கட்சிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, ஆஸ்பத்திரித் துண்டின் பிரதியையும் இணைத்து அனுப்பினேன். நான்காம் நாள் அவர் எங்கள் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“ஏன் எழுதினீங்கள்?”

“உண்மையைத்தானே எழுதினன், அண்ணை.” அவரை அண்ணை என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

“உண்மை ஆருக்கு வேணும்? தவிசாளரே அவனுக்கு நற்சான்றிதழ் குடுக்கிறா, பாருங்கோ எண்டு கூட்டத்திலை வாசிச்சுக் காட்டினவை. என்னை இடைநிறுத்திப்போட்டினம்.”

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. என்னைப்போலவே களைத்திருந்தார். உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். “வேண்டாம். அதையும் படம் பிடிப்பாங்கள்” என்றுவிட்டுப் போனார்.

எங்கள் கட்சிக்காரர்களுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. “ஆள் இப்ப தனிய நிக்குது. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் எங்கட பக்கம் வந்திடும்” என்று என்னை நெருக்கினார்கள். நான் சொல்லமாட்டேன் என்றேன். அவர் எங்கள் பக்கம் வந்தால் ஊர் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும் என்பது அவர்களுக்கு விளங்காமலில்லை.

இப்போது அவர் சபையில் கடைசி வரிசையில் தனியாக இருக்கிறார். போன மாதக் கூட்டத்தில், குடிதண்ணீர்க் குழாய் போடும் வேலையில் நாங்கள் ஒப்பந்தக்காரர்களிடம் முறைப்படி விலைக்கேள்வி கோரவில்லை என்று எழும்பிச் சட்டத்தை எடுத்து வாசித்தார். குற்றம் எங்கள் பக்கம்தான். எங்கள் ஆட்கள் கத்தினார்கள், அவருடைய பழைய ஆட்கள் பேசாமல் இருந்தார்கள். அந்தத் தீர்மானத்தை நான் மீளப்பெற்றேன். குழாய் வர இன்னும் மூன்று மாதமாவது பிந்தும். தண்ணீருக்குக் காத்திருக்கும் சனத்துக்கு நான்தான் பதில் சொல்லவேண்டும்.

கூட்டம் முடிந்து விறாந்தைக்கு வந்தபோது அவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“அண்ணை எப்பிடி?”

“நடக்கிறார். தூரம் ஏலாது. கிளினிக்குக்குப் போய்வாறம்.”

“உப்பைக் குறைக்கச் சொல்லுங்கோ.”

“சொன்னால் கேக்கிறாரில்லை.”

“ஓம், கேக்கிற ஆள் இல்லைத்தான்” என்று தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு அவர் புறப்பட்டார். மதகு உடைந்த ஒழுங்கைக்காரர் மூன்று பேர் அலுவலக வாசலில் எனக்காகக் காத்துநின்றார்கள். நான் உள்ளே போனேன்.