பத்தொன்பது நாள் மஞ்சள்காமாலை

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மிட்டாய்க் கடை மாடியில் இருக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் நான் பத்தொன்பது நாட்கள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பத்தொன்பது நாட்களும் கல்லூரியில் என் ஆங்கில வகுப்பில் எனக்கு ஆப்சென்ட் விழுந்தது.

பி.ஏ. ஆங்கிலம், ஐந்தாவது செமஸ்டர். கல்லூரியில் துறைத்தலைவர் மேடம் பழைய நோட்டைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். மாடியிலோ துபாய்க்குப் போகிறவர்களும் தறி வைத்திருப்பவர்களும் நான் சொல்வதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார்கள். தினம் ஒரு வினைச்சொல், அதுவும் ஆபீஸ் கடிதங்களில் வரும் கனமான சொல். ஒருநாள் போர்டில் 'கண்டோன்' என்று எழுதினேன். "தப்புன்னு தெரிஞ்சும், சரி போகட்டும்னு விட்டுருதது" என்று விளக்கமும் கொடுத்தேன். வகுப்பு அசந்துபோனது. நானும்தான்.

அடுத்த திங்கட்கிழமை, வருகை குறைந்தவர்களின் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. வகுப்பில் பாதிப் பேர் அதில் இருந்தோம். வெள்ளிக்கிழமைக்குள் கண்டோன் லெட்டர் கொடுத்து மேடத்திடம் கையெழுத்து வாங்காவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. பரீட்சை போய்விடும், ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே நோட்டை மறுபடியும் எழுத வேண்டும். பரீட்சை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்த நோட்டை இன்னொரு தடவை முடியாது.

எங்கள் கல்லூரியில் கண்டோன் லெட்டரை யாரும் எழுதுவதில்லை, பிரிண்ட் எடுப்பார்கள். ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் அது தயாராகவே இருக்கிறது. பெயரையும் நம்பரையும் மாற்றினால் போதும்.

"எத்தன நாளு மக்கா?" என்றார் அண்ணாச்சி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பத்தொம்பது."

"அப்ப மஞ்சக்காமால. பத்து நாளுக்குள்ளன்னா வைரல் ஃபீவர், ரெண்டு மூணுன்னா வயித்துப்போக்கு. ஒனக்கு மஞ்சக்காமாலதான் கரெக்டா உக்காரும்."

நாடி பிடிக்காமல், நாக்கை நீட்டச் சொல்லாமல் இவ்வளவு வேகமாக நோயைச் சொன்னவரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் ஊருக்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். "நானே எழுதிக்கிடுதேன் அண்ணாச்சி" என்றேன்.

"எழுது, எழுது. நாளைக்கும் கட உண்டு."

இரண்டு பக்கம் எழுதினேன். பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று ஒரு பத்தி. நோட்டை வாசிப்பது பாடம் நடத்துவது ஆகாது என்று ஒரு பத்தி. ஆங்கிலம் பரப்புவது சமுதாயத் தொண்டு என்று மூன்று பத்தி. கடைசி வரியில், ஆகவே தயைகூர்ந்து கண்டோன் செய்யவும்.

மறுநாள் மேடம் முழுவதையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ரெண்டு பக்கத்துல உன் மேல ஒரு தப்புமே இல்லையே. பஸ்காரன் மேல இருக்கு, என் மேல இருக்கு. அப்புறம் கடைசி வரியில எதை மன்னிக்கச் சொல்லுத? நாந்தான் உன்கிட்ட லெட்டர் குடுக்கணும் போல இருக்கே."

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். அண்ணாச்சி மஞ்சள்காமாலையை அச்சடித்துக் கையில் கொடுத்தார். புதன்கிழமை காலை அதை மேடத்தின் மேஜையில், மற்றவர்களின் மஞ்சள்காமாலைக்கு மேல் வைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை கல்லூரிக்குப் போனால், தண்ணீர்த் தொட்டி மேல் இரண்டு பேர் ஏறி நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். குடிநீர்க் குழாய்களில் கயிறு கட்டியிருந்தது. ஒரே வகுப்பில் பதினாறு பேருக்கு மஞ்சள்காமாலை என்று பிரின்சிபால் பதறிப்போயிருக்கிறார். அந்தப் பதினாறு பேரும் சனிக்கிழமை ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று சர்க்குலர் வந்தது. கேன்டீனில் அன்று எங்களுக்கு மட்டும் வடை கொடுக்கவில்லை, எண்ணெய் ஆகாதாம்.

மத்தியானத்துக்குள் பதினைந்து பேருக்கு உடம்பு சரியாகிவிட்டது. அண்ணாச்சியிடம் 'பெரியம்மா மரணம்' என்று இன்னொரு லெட்டரும் இருந்தது, பதினைந்து பேரும் அதற்கு மாறிக்கொண்டார்கள். எனக்குப் பெரியம்மா ஒருத்திதான், புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் பார்க்கிறாள். ஹால் டிக்கெட்டுக்காக அவளைக் கொல்ல மனம் வரவில்லை. கடை ஸ்டூலில் உட்கார்ந்து நானே டைப் அடித்தேன்.

பத்தொன்பது நாள் வரவில்லை. எனக்கு நோய் எதுவும் இல்லை. பஸ் ஸ்டாண்டு அருகே ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பைவிட அது பிடித்திருந்தது. செய்தது தப்பு. கண்டோன் செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஏட்டி, இதுல வியாதியே இல்லையே! எப்படிக் கையெழுத்துப் போடுவாவ?"

வெள்ளிக்கிழமை மேடம் அதை இரண்டு தடவை படித்தார். 'வகுப்பைவிட அது பிடித்திருந்தது' என்ற நான்காவது வரியில் பேனா நின்றது. ஹால் டிக்கெட் போயிற்று என்று நினைத்தேன்.

"இந்த வரி தேவையா?"

"உண்மை மேடம்."

"உண்மைய யாரு கேட்டா? தப்ப மட்டும் சொன்னாப் போதும்." சிவப்பு மையால் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். போர்டில் எழுதி நான் விளக்கம் கொடுத்த அந்தச் சொல்லை ஒருவர் செய்து காட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன். பரீட்சையும் எழுதிவிட்டேன்.

ஆறாவது செமஸ்டரில் அசைன்மென்ட் கொடுக்க மேடத்தின் அறைக்குப் போனேன். மேஜையில் ஜூனியர்களின் கண்டோன் லெட்டர்கள் அடுக்காக இருந்தன. மேலே இருந்த லெட்டரைப் படித்தேன். வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது, பெயர் மட்டும் வேறு. டைப் அடித்ததை அன்றைக்கு அண்ணாச்சியின் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்காமல் வந்திருக்கிறேன்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, சங்கரன்கோவில்ல மொத்தம் எத்தன ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் இருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான் மேடம்."

"இங்க பதினொரு வாத்தியாருல்ல இருக்காவ."

சிவப்புப் பேனாவைத் திறந்து, முதல் லெட்டரின் நான்காவது வரியை அடித்தார். பிறகு அடுத்ததை எடுத்தார்.