சாட்சி டீச்சரும் நெஞ்சு வலியும்

என் மனைவியிடம் எதைச் சொன்னாலும் சாட்சி கேட்பாள். சாப்பாட்டில் உப்புக் கம்மி என்றால்கூட, "வேற யாரு சொன்னாங்க?" என்பாள். நர்ஸ் வேலைக்குப் போகவிருக்கும் பெண்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். அந்தப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் சாட்சி டீச்சர். நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கும் அதில் கொள்ளைப் பெருமை.

எல்லாம் அவள் கணினியில் இருக்கும் களஞ்சியம் செய்கிற வேலை. ஆங்கிலக்காரர்கள் நிஜமாகவே எழுதியதும் பேசியதுமாக லட்சக்கணக்கான வாக்கியங்களை அதில் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒரு சொல்லைத் தட்டினால் அது வருகிற வரிகளெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். ஒரே பொருள்போலத் தெரியும் இரண்டு சொற்களில் எது எங்கே பொருந்தும் என்று அதைப் பார்த்துத்தான் சொல்வாள். உதாரணமாக, நமக்கு எங்கே வலித்தாலும் வலிதான். அவர்களுக்கு 'பெயின்' வேறு, 'ஏக்' வேறு; தலைவலி 'ஹெட் ஏக்', நெஞ்சு வலி 'செஸ்ட் பெயின்'. நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். "ரெண்டும் வலிதானே, எதைச் சொன்னா என்ன?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் தங்கையும் அவளிடம்தான் படித்தாள். வாய்மொழித் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள். நோயாளிக்கு என்ன செய்கிறது என்று டாக்டருக்குப் போனில் சொல்வதுபோல ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இந்தமுறையும் தவறினால் ஆஸ்பத்திரி வேலை கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

தேர்வன்று காலையில் தங்கை கிளம்பிப் போய்விட்டாள். அடுத்த வகுப்புக்காகக் கணினியைத் திறந்த என் மனைவி "ஐயையோ!" என்று அலறினாள். நான் வாயில் பிரஷ்ஷோடு ஓடினேன்.

"பிள்ளைங்க எழுதின வீட்டுப்பாடம் எல்லாம் களஞ்சியத்துக்குள்ள போயிருக்குங்க!"

மாணவிகள் எங்கே தவறுகிறார்கள் என்று பார்க்க அவர்கள் எழுதியதைத் தனியாக வைத்திருப்பாள். புது வாக்கியங்களை ஏற்றும்போது அதையும் சேர்த்து ஏற்றிவிட்டாள். தலைக்கும் பல்லுக்கும் 'ஏக்' வருகிற பழக்கத்தில் பிள்ளைகள் நெஞ்சுக்கும் அதையே போட்டிருந்தார்கள். எழுதியது யார் என்று கணினிக்கு என்ன தெரியும்? நெஞ்சுக்கும் 'ஏக்' நிறைய வருகிறது என்று எண்ணிக் காட்டிவிட்டது. இவளுக்காவது உறைத்திருக்க வேண்டாமா? 'நாம படிச்சது பழசு, இப்போ பேச்சு மாறியிருக்கும்' என்று தன்னை நம்பாமல் களஞ்சியத்தை நம்பி, நெஞ்சுக்கும் 'ஏக்' சொல்லலாம் என்று, அது காட்டிய வரிகளோடு அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்திருக்கிறாள்!

"மாரடைப்பு வந்தவங்களுக்குப் போயி அப்படிச் சொன்னா, ஏதோ லேசான வலின்னு டாக்டர் நெனச்சுக்குவாரு. பரீட்சையில நெஞ்சு வலியத்தான் கேப்பாங்க. என்னால அவ வாழ்க்கையே போச்சு."

தங்கையின் போன் அணைந்திருந்தது. தேர்வுக் கூடத்தில் உள்ளே விடும்போதே போனை வாங்கிக்கொள்வார்கள். மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். மற்றப் பெண்களுக்குத் தேர்வு அப்புறம்தான் என்பதால், வழியிலேயே அவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினாள். அனுப்பி முடித்ததும் தன்னைத்தானே திட்டத் தொடங்கினாள். கேலி செய்ய நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் நான் வண்டியை விரட்டுவதிலேயே குறியாக இருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்றோம். கடைசியில் தங்கை வந்தாள், பையைத் துழாவிக்கொண்டே.

"நீங்க ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?"

"என்ன கேட்டாங்க?" என்றாள் என் மனைவி.

"நெஞ்சு வலி, அண்ணி."

என் மனைவி என் கையைப் பிடித்தாள். "நீ என்ன சொன்ன?"

"பெயின்னு சொன்னேன். பாஸுன்னு அங்கேயே சொல்லிட்டாங்க."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. என் மனைவிக்கு மட்டும் அது போதவில்லை.

"நான் கொடுத்த தாள்ல வேற மாதிரில்ல இருந்துச்சு?"

"ஆமா. எண்ணிக்கையப் பார்த்து ஏமாறாதீங்க, வரியப் படிங்கன்னு நீங்கதானே சொல்வீங்க? நேத்து சாயங்காலம் உட்கார்ந்து படிச்சேன். 'பக்கத்து வீட்டு மாமாவுக்கு நெஞ்சு வலி, பூனைக்குப் பால் ஊத்திட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்'னு ஒரு வரி. அது நான் எழுதின வீட்டுப்பாடம், அண்ணி! மத்ததும் நம்ம கிளாஸ் பிள்ளைங்க எழுதினது மாதிரியே இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா விடிய விடிய கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருப்பீங்க. பரீட்சை முடியட்டும்னு இருந்துட்டேன்."

"அதுக்காக நான் கொடுத்தத நம்பாம போயிட்டியா?"

"ஒருதடவ ஃபெயிலானவ எழுதினத நம்பி எப்படி அண்ணி பரீட்சைக்குப் போறது?"

என் மனைவி அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. தங்கையின் கையை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"போயும் போயும் உன்ன நம்பி ஒரு கிளாஸுக்கே பாடம் நடத்தியிருக்கேன்டி!" என்றாள்.