பட்டைத் தூளுக்கடியில் ஓர் இன்ஜின்

முதலாளியின் காரை நான்கு ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் புளியமரத்தடியில் நிறுத்தியபோது நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். துடுப்பும் கையுமாக வாசலுக்கு ஓடினேன். களி அடிப்பிடித்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு ஆம்பூரில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று என் வீட்டு வாசலில் நிற்கிறது என்றால் களியாவது கூழாவது.

என் வீட்டுக்காரருக்குத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. மயிர் உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு நாள்தோறும் புரட்ட வேண்டும். தோலோடு சேர்ந்து புரட்டுகிறவன் கையும் ஊறும். அவர் விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருக்கும். கல்யாணமான புதிதில் நான் ஆசையாக வைத்த காரக்குழம்பில் கையை வைத்தவர், வைத்த வேகத்தில் உதறிக்கொண்டு எழுந்தார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலில் உப்பும் மிளகாயும் பாதிதான். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், எனக்காக நீ ஏன் சப்பென்று சாப்பிடுகிறாய் என்று சண்டைக்கு வருவார். அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

சுண்ணாம்புக் குழிக்கு வருவதற்கு முன்னால் அவர் பஸ்ஸில் கிளீனராக இருந்தவர். ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கினார். வாங்கிய மாதமே அந்த பஸ் முதலாளி தொழிலை மூடிவிட்டார். லைசென்ஸ் காகிதம் எங்கள் தகரப்பெட்டியில் என் கூறைப்புடவைக்கு அடியில் கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, பூச்சி அரிக்கவில்லையே என்று திருப்திப்பட்டுக்கொண்டு, திரும்ப வைத்துவிடுவார்.

தோல் ஷாப் முதலாளியின் கார் மூன்று வருஷமாக தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடித்து வைக்கும் கொட்டகையில் முடங்கிக் கிடந்தது. அதைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார் என்று தெரிந்ததும் இவர் நேரே போய், நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். வாயா அது. முதலாளியும் சளைத்தவரில்லை.

"வர்ற வெள்ளிக்கெழமை ஜும்மா தொழுகைக்கு நான் இந்த வண்டில போவணும். போனா நீதான் டிரைவர். இல்லன்னா சனிக்கெழமை காலைல குழிக்கு வந்துடு. அதுக்கப்புறம் வண்டிப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றாராம்.

பானெட்டைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜினைக் காணோம். கொட்டகையில் இடித்த பட்டையின் தூள் மூன்று வருஷமாக எண்ணெய்ப் பிசுக்கில் படிந்து படிந்து, கறுப்பாக ஒரு குவியல்தான் இருந்தது. ஒரு மூலையில் எலி தோல் துணுக்குகளை வைத்துக் கூடு கட்டிக் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது.

"உள்ள இன்ஜின் கீதா, இல்ல அதையும் எலி தின்னுட்ச்சா?" என்று கேட்டேன்.

"கிண்டல் பண்ணாத. மொறத்த எட்த்தா" என்றார்.

அந்த முறத்தோடு நானும் வேலையில் இறங்கிவிட்டேன். அவர் கழற்றக் கழற்ற, நான் பழைய புடவை ஒன்றை விரித்து, கழற்றிய வரிசையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். எந்தத் துண்டுக்கு எந்தத் திருகுமரை என்று குழம்பாமலிருக்க, அந்தந்த மரையை அந்தந்தத் துண்டுக்குப் பக்கத்தில் கொட்டாங்கச்சியில் போட்டேன். மூன்றாம் நாள் அவர், "இது எங்க இருந்தது?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கிளீனராக இருந்தவர் அவர், வரிசை தெரிந்தவள் நான்.

தோல் சுரண்டும் மழுங்கல் கத்தியால் பிசுக்கை வழித்தோம். பட்டை பட்டையாகப் பெயர்ந்து வந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் தேய்த்தால் கறுப்புக்கடியில் இரும்பு தெரியும். தெரிந்த இடத்தைப் பார்த்ததும் பக்கத்தில் தேய்க்காமல் இருக்க முடியாது. பித்தளைச் சாமான்களை நான் எடுத்துக்கொண்டேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் பெட்ரோல் குழாயும் கார்புரேட்டர் கிண்ணமும் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தன. ஒருநாள் மத்தியானம் இன்ஜினின் பக்கவாட்டில் இங்கிலீஷ் எழுத்துகள் புடைப்பாக மேலே வந்தன. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான். விரலால் தடவித் தடவி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொன்னேன். அர்த்தம் இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனாலும் அவர் அன்றைக்கு முழுக்க அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக ஞாபகமில்லை.

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டோம். ஒரு மரைகூட மிச்சமில்லை. உள்ளே ஊற்றவேண்டிய எண்ணெயை ஊற்றிய பிறகு, அவர் ஒரு கிண்ணத்தில் புங்க எண்ணெய் எடுத்துக்கொண்டார். தோல் ஷாப்பில் பதமாகி வரும் தோலுக்குக் கடைசியில் எண்ணெய் காட்டுவார்கள். காட்டாத தோல் விறைத்துப் போகும், வேலை முடிந்ததாகவே கணக்கில்லை. என் அப்பா வீட்டிலும் எல்லோருக்கும் தோல் வேலைதான். அதனால் அவர் எண்ணெய்த் துணியால் இன்ஜினை மேலிருந்து கீழாகத் தடவியபோது எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அவர் கை கழுவப் போன நேரத்தில் மிச்ச எண்ணெயை நான் எடுத்துக்கொண்டேன். இன்ஜினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற மேக்னெட் என்ற பெட்டி ஓரமாக இருந்தது. கிளிப்பைத் தள்ளினால் மூடி கழன்று வந்தது. உள்ளே இரண்டு குட்டி முனைகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. பாவம், இதை மறந்துவிட்டாரே என்று, விரல் நுனியில் எண்ணெய் தொட்டு இரண்டுக்கும் நன்றாகக் காட்டிவிட்டு மூடினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் முன்பக்கம் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. சுற்றினார், சுற்றினார். வெயில் ஏறியது. பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. மறுபடி சுற்றினார். ஹாண்டில் பிடியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பிறகுதான் கவனித்தேன், விரலிடுக்கு வெடிப்பெல்லாம் திறந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. நாளைக்கு இதே கையைத்தானே சுண்ணாம்பில் விடவேண்டும்.

அந்த நேரம் பார்த்து முதலாளி குடையோடு வந்து நின்றார். தொழுகைக்குக் கிளம்பிய வெள்ளை உடுப்பு.

"இன்னாப்பா, ஆச்சா?"

"கொஞ்ச நேரம் மொதலாளி" என்றார் இவர்.

பிளக்குகளைக் கழற்றி, ஒன்றை மட்டும் ஒயரோடு இரும்பின்மேல் சாய்த்து வைத்தார். பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கையோடு அவரைச் சுற்ற விட எனக்கு மனசில்லை. "தள்ளுங்க" என்று நானே ஹாண்டிலைப் பிடித்தேன். பிளக் இல்லாததால் இன்ஜின் லேசாகச் சுற்றியது. அவர் குனிந்து பார்த்தார். பொறி இல்லை.

"மேக்னெட் நல்லாதான இருந்தது. மூடியைக்கூட நான் தொறக்கலியே" என்றார்.

சொல்லாமல் இருக்கவும் முடியாது, முதலாளி முன்னால் சொல்லவும் வெட்கம்.

"நான்தாங்க தொறந்தேன்" என்றேன். "உள்ள ரெண்டு முனை இருந்திச்சு. நீங்க வுட்டுட்டீங்கன்னு எண்ண காட்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "நான் எல்லாத்துக்கும் காட்டுனா நீ மட்டும் சும்மா இருப்பியா" என்றார். பிறகு முகம் மாறியது. "எண்ண இருந்தா பொறி தாவாது. அத எடுத்துட்டா போதும். அவ்ளோதான் பேஜாரே."

துணியால் துடைத்தார். முனைகளுக்கு நடுவில் நகம்கூட நுழையாது, துணி எங்கே நுழையும். வெளியே துடைபட்ட எண்ணெய் உள்ளே அப்படியே இருந்தது. முதலாளி கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் காட்டாத தோல் எண்ணெயைக் கண்டால் எப்படி உறிஞ்சும் என்று எனக்குத் தெரியாதா. சூடான பானையைப் பிடித்து இறக்க ஷாப்பிலிருந்து கொண்டுவந்த புது ஆட்டுத்தோல் துண்டு ஒன்று வீட்டில் இருந்தது. காகிதம் மாதிரி மெல்லிசு, இன்னும் எண்ணெயே காணாதது. ஓடிப்போய் எடுத்து, அரிவாள்மணையில் நூல் நூலாக நறுக்கி வந்தேன். ஒரு நறுக்கைப் பெட்ரோலில் தோய்த்து முனைகளுக்கு நடுவில் விட்டு இழுத்தேன். எண்ணெய்க் கறையோடு வந்தது. பிறகு வெறும் நறுக்கு. அதுவும் கறை. நான்காவது நறுக்கு போனபடியே கறையில்லாமல் திரும்பி வந்தது.

"சுத்து" என்றார்.

சுற்றினேன். மரத்து நிழலில், பிளக்கின் நுனியில், நீலமாக ஒன்று சொடுக்கியது. நான் கத்தியே விட்டேன். முதலாளி இருக்கிறார் என்பதெல்லாம் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பிளக்குகளைப் பூட்டி, கையில் என் துணியைச் சுற்றிக்கொண்டு, இந்த முறை அவரே ஹாண்டிலைப் பிடித்தார். இரண்டாவது சுற்றில் வண்டி இருமியது. மூன்றாவதில் புளியமரத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன. தடவியிருந்த புங்க எண்ணெய் சூட்டில் புகைந்து, வாசலெல்லாம் ஒரே நாற்றம். முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு பின் இருக்கையில் ஏறினார்.

"பள்ளிவாசல்ல இந்த வாசத்தோட போய் எறங்கணும்" என்றார். ஆனாலும் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்க்கவேண்டுமே. நான் தெருமுனைவரை பின்னாலேயே ஓடினேன்.

டிரைவர் வேலை கிடைத்தது. அதற்கப்புறம் இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், குழம்புச் சோற்றை ஐந்து விரலாலும் நன்றாகப் பிசைந்து வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னா கொழம்பு இது? உப்பும் கம்மி, காரமும் கம்மி. ஒங்க அம்மா வூட்ல இப்டிதான் சமைக்கக் கத்துக் குட்த்தாங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆறு வருஷம், அவர் கை எரியுமே என்று நானும் சேர்ந்து சப்பென்று தின்றிருக்கிறேன். எழுந்துபோய் உப்புப் பானையைத் தூக்கிவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"கையக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார். விரலிடுக்கில் ஒரு வெடிப்பில்லை. ஒரு பிடி உப்பை அள்ளி அந்தக் கையிலேயே வைத்து, விரல்களை மூடி அழுத்தினேன்.

"எரியுதா?"

"உப்பு எதுக்குடி எரியப் போவுது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.