எடுத்துக்காட்டு வாக்கியத்தில் வந்த அக்கா

என் மனைவி அகராதி எழுதுகிறவள். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில அகராதி. ஒரு சொல், தமிழில் அதன் பொருள், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், கீழே அந்த வாக்கியத்தின் தமிழ். பதிப்பகத்து மாடியில் மின்விசிறிக்கு நேர் கீழே அவள் மேசை. தாள்கள் பறக்காமல் இருக்கத் தடித்தடியான பழைய அகராதிகளை மேலே வைத்துக்கொண்டு எழுதுவாள்.

பொருள் எழுதுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாக்கியம்தான் உயிரை வாங்கும். எந்த மனிதனும் எந்தக் காலத்திலும் பேசாத வாக்கியத்தைப் பிள்ளைகள் தலையில் கட்டக்கூடாது என்பது அவள் கொள்கை. கொள்கை நல்லதுதான், மாட்டிக்கொண்டது நான். வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் அது அகராதிக்குப் போய்விடும். 'ஸ்நோர்' என்ற சொல்லைத் தேடும் பிள்ளைகள் எல்லாம், என் கணவர் விடும் குறட்டையில் ஜன்னல் அதிர்கிறது என்று படித்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போகிறார்கள். கஞ்சத்தனம், மறதி, வீண் பிடிவாதம், எல்லாவற்றுக்கும் நானே. ஒருநாள் சண்டைக்குப் போனேன்.

"உங்க பேரைப் போடலையே, அப்புறம் என்ன?" என்றாள்.

பேர் வேறு போட வேண்டுமா? தெருவுக்கே தெரியும்.

அவளுடைய அக்கா எங்களோடுதான் இருக்கிறார். கணவர் இறந்ததும் வந்தவர். அகராதி அச்சாகி வந்தபோது எங்கள் எல்லோரையும்விடப் பூரித்துப்போனது அவர்தான். ஆங்கிலம் தெரியாது. தமிழ் வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பார், வாசலில் போகிறவர்களை நிறுத்திக் காட்டுவார்.

ஒரு மாலை அடுத்த வீட்டுப் பெண் வீட்டுப்பாடத்துக்குச் சொல் பார்க்க வந்தாள். அக்கா ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவள் சத்தமாக வாசித்தாள்.

"பர்டன். பாரம், சுமை. எங்களோடு இருக்கும் என் அக்கா எங்களுக்குப் பாரம் இல்லை." படித்துவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். "பெரியம்மா, இது நீங்கதானே!"

அக்கா சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினார். மகன் வீட்டுக்குப் போகிறாராம். அந்த வீட்டில் அவருக்குக் கூடத்தில் ஒரு மூலைதான் உண்டு, மருமகளோடு ஒரு வாரம் தாங்காது. அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வேலை முடிந்து வந்த என் மனைவி, நடந்ததைக் கேட்டதும் முதலில் கோபப்பட்டாள். பயம் வந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"இல்லைன்னுதானேக்கா எழுதியிருக்கேன்? தமிழ்கூடவா புரியலை?"

"நல்லாவே புரியுது. இல்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை அப்படி நெனச்சிருப்பல்ல?"

நான் பூசி மெழுகலாம் என்று வாயெடுத்தேன். என் மனைவி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டாள்.

"நெனச்சேன்" என்றாள். "நீ வந்த புதுசுல. பிள்ளைங்களுக்குப் பரீட்சை, எனக்கு வேலை தலைக்கு மேல. நீ பேசாம சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த. அப்ப நெனச்சேன்க்கா. அப்புறம் என்னை நெனச்சா எனக்கே வெக்கமா இருந்துச்சு. அதான் இல்லைன்னு எழுதினேன். போகாதக்கா."

இதைக் கேட்ட பிறகு யார்தான் தங்குவார்கள்? இப்படியும் ஒருத்தி உண்மை பேசுவாளா என்று அவள்மேல் எரிச்சலாகவும் வந்தது.

அக்கா கையிலிருந்த புடவையை மடித்துப் பெட்டிமேல் வைத்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார்.

"அம்மா போனப்போ உனக்கு நடக்கக்கூட வராது. உன்னைப் பார்த்துக்க ஆளில்லைன்னு என் படிப்பை நிறுத்திட்டாங்க. கூடப் படிச்சவங்க எல்லாம் பையைத் தூக்கிக்கிட்டுப் போவாங்க, நான் உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னு பார்ப்பேன். அப்போ நானும் நெனச்சேன்டி. நெதமும் நெனச்சேன். ஆனா யாராவது இது யாருன்னு கேட்டா, என் தங்கச்சின்னு சொல்லுவேன். அதோட நிறுத்திக்குவேன்."

என் மனைவி தரையில் உட்கார்ந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பெட்டியை மேலே வச்சிருங்க தம்பி" என்றார்.